குழந்தையை முத்தமிடும்போது அதன் மரணத்தை நினைக்கச் சொல்கிறார் எபிக்டெட்டஸ்: இது கல்நெஞ்சமா?

வைகைக்கரை எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் எட்டு வயது மகனுக்கு டெங்கு. ஆறு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம். மூன்றாம் நாள் மாலை தட்டணுக்கள் 38,000-க்கு இறங்கியிருந்தன. மருந்து ஏற்றக் கையில் போட்டிருந்த வென்ஃப்ளான் ஊசிக்குழாய் இருந்த இடம் வீங்கிவிட்டதால் மறு கையில் மாற்ற வந்தார்கள். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் கிடைக்கவில்லை. அவன் அழுதுகொண்டே “அப்பா” என்று என் சட்டையைப் பிடித்தான். அந்தப் பிடியை நான் விலக்கினேன். விலக்கிவிட்டு, படியிறங்கி, எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்குப் போய் நின்றேன். முக்கால் மணி நேரம். மனைவி போன் செய்து “போட்டாயிற்று, தூங்கிவிட்டான், வாருங்கள்” என்ற பிறகுதான் மேலே ஏறினேன்.

யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பிள்ளைமேல் அவ்வளவு பாசம், பார்க்கப் பொறுக்கவில்லை” என்று என் மாமியாரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

பண்டைக் கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபான ஸ்டோயிக் நூல்களை ஓராண்டாகப் படித்துவருகிறேன். பணம் போனபோதும் பதவி உயர்வு தவறியபோதும் அவை எனக்குக் கைகொடுத்தன. அன்று இரவு, பையில் வைத்திருந்த, அந்த மரபின் ஆசிரியர் எபிக்டெட்டஸின் கையேட்டைத் திறந்தேன். கண்ணில் பட்டது மூன்றாம் பகுதி. உனக்குப் பிடித்த பானையைப் பார்த்து ‘நான் விரும்புவது ஒரு பானையை’ என்று சொல்லிக்கொள், அது உடைந்தால் கலங்கமாட்டாய். பிள்ளையையோ மனைவியையோ முத்தமிடும்போது ‘நான் முத்தமிடுவது ஒரு மனிதரை’ என்று சொல்லிக்கொள், இறந்துபோனால் கலங்கமாட்டாய். ஏறக்குறைய இப்படி. பக்கத்தில் டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தை மூடிப் பைக்குள் தள்ளியவன்தான், இன்னும் வெளியே எடுக்கவில்லை.

பானையும் பிள்ளையும் ஒன்றா? எதையும் உணராமல் இருப்பதுதான் ஸ்டோயிக் சொல்லும் நல்வாழ்வு என்றால் அது எனக்கு வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் உணர்ந்த நான் அன்று செய்த காரியமும் எனக்குச் சரியாகப் படவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள் எழுதியது:

தம்பி, பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நலமாக இருப்பான் என்றே நம்புகிறேன்.

நீங்கள் மூடி வைத்தது சுருக்கம் மட்டுமே. எபிக்டெட்டஸ் தம் கையால் எதையும் எழுதி வெளியிடவில்லை. வகுப்பில் அவர் பேசியதை மாணவர் அர்ரியன் குறித்துவைத்தார். ‘உரையாடல்கள்’ என்ற அந்தக் குறிப்புகள் எட்டு நூல்களாக இருந்தன. நமக்குக் கிடைத்தவை நான்கு. அவற்றிலிருந்து வடித்தெடுத்த 53 சிறு பகுதிகள்தான் ‘கையேடு’. வடித்தெடுத்ததில் பேச்சின் சூடு போய்விட்டது. எதிரே யார் உட்கார்ந்திருந்தார், எதற்காக அந்த வார்த்தை சொல்லப்பட்டது என்பதெல்லாம் உதிர்ந்துவிட்டன.

முதல் நூலின் பதினோராம் உரையாடலை இன்று இரவே படியுங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் என் சொற்களில் இதோ.

ஓர் அரசு அதிகாரி எபிக்டெட்டஸைப் பார்க்க வருகிறார். மனைவி மக்கள் உண்டா என்று கேட்கிறார் எபிக்டெட்டஸ். உண்டு. குடும்பம் எப்படிப் போகிறது? “வேதனையாகத்தான் போகிறது” என்கிறார் அதிகாரி. பிள்ளைகள்மேல் அவ்வளவு உயிராம். சமீபத்தில் சின்ன மகள் நோயில் விழுந்து, பிழைக்கமாட்டாள் என்று நினைக்கும் நிலை வந்திருக்கிறது. அவரால் அவள் பக்கத்தில் இருக்க முடியவில்லை. வீட்டை விட்டு ஓடிவிட்டார். தேறிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினார்.

“செய்தது சரி என்று நினைக்கிறீரா?”

“இயல்பாகச் செய்தேன். எல்லாத் தகப்பன்மாரும், இல்லாவிட்டாலும் பெரும்பாலோர், இப்படித்தானே?”

எபிக்டெட்டஸ் திட்டவில்லை. பெரும்பாலோர் செய்வதாலேயே அது சரியாகிவிடுமா, உடம்பில் கட்டிகூடத்தான் வருகிறது, அது நல்லதா என்று தொடங்கிக் கேள்வியாக அடுக்குகிறார். பாசம் நல்லதுதானே? நல்லது. நல்ல பாசம் அறிவுக்குப் பொருந்தியிருக்கும் அல்லவா? இருக்கும். சரி, தாய்க்கு மகள்மேல் பாசம் உண்டா? உண்டு. அப்படியானால் தாயும் விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டுமா? வளர்த்த செவிலிக்கும் பாசம் உண்டு, அவளும் ஓடவேண்டுமா? பள்ளிக்கு அழைத்துப் போகிறவன்? எல்லாரும் அவ்வளவு பாசம் வைத்திருந்த காரணத்தால் அந்தக் குழந்தை தனியாகக் கிடந்து, பாசமில்லாத யாரோ ஒருவர் கையில் சாகவேண்டுமா? நீர் நோயில் கிடக்கும்போது உம் மனைவியும் மக்களும் உம்மேல் இவ்வளவு பாசம் வைத்து உம்மைத் தனியே விட்டுப் போகவேண்டும் என்று விரும்புவீரா?

அதிகாரிக்குப் பதில் இல்லை.

கவனியுங்கள், ‘குறைவாகப் பாசம் வை’ என்று எபிக்டெட்டஸ் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஓட வைத்ததற்குப் பாசம் என்று பெயர் சூட்டாதே என்கிறார், அவ்வளவே. ஓட வைத்தது ‘ஓடுவதுதான் இப்போது சரி’ என்று உன் மனம் போட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பார் என்கிறார்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, பையன் நலம். பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான், உடல் மட்டும் இன்னும் தேறவேண்டும். கேட்டதற்கு நன்றி.

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். ‘செவிலியும் ஓடவேண்டுமா’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அன்று என் மனைவி ஓடவில்லை. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைவிடப் பாசம் குறைவு என்று நான் எப்படிச் சொல்வேன்? இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எதிர்க்கேள்வி எழுதியது:

பழுப்புத்தாள் ஐயா எடுத்துக்காட்டிய பகுதி அருமை, மறுக்கவில்லை. ஆனால் அழகான பக்கத்தை மட்டும் காட்டுவது நியாயமில்லை.

கையேட்டின் பதினாறாம் பகுதியைப் பாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறவனைக் கண்டால் ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவையானால் அவனோடு சேர்ந்து அழு. ஆனால் உள்ளே அழாதபடி பார்த்துக்கொள் என்கிறார். எனக்கு இது நடிப்பாகப் படுகிறது. துக்க வீட்டில் என் அருகே உட்கார்ந்து கண்ணீர் விடுபவர் உள்ளே ஈரமில்லாமல் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் கையை நான் உதறிவிடுவேன்.

இரண்டாவது, எபிக்டெட்டஸ் மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பெற்று வளர்க்காத ஒருவர் பானையையும் பிள்ளையையும் ஒரே மூச்சில் சொல்வது எளிது.

மூன்றாவது, இன்னொரு ஸ்டோயிக் எழுத்தாளரான செனெக்கா. எளிமையைப் பற்றி அவ்வளவு எழுதியவர் ரோமில் பெரும்பணக்காரர்களில் ஒருவர். நான்கே ஆண்டு அரச நட்பில் 30 கோடி செஸ்டர்ஸ் நாணயம் சேர்த்தது எந்தத் தத்துவத்தால் என்று அவர் காலத்திலேயே ஒருவர் குற்றம் சாட்டியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பேரரசர் நீரோவுக்கு ஆசிரியராக இருந்து, ஆலோசகராக இருந்து, கடைசியில் அதே நீரோவின் கட்டளையால் கி.பி. 65-இல் உயிரை விட்டார். நன்றாக வாழ்வது எப்படி என்று இவர்களிடமா கேட்பது?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள். பத்தொன்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். அந்தப் பதினாறாம் பகுதிக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன்.

எதிர்க்கேள்வி அவர்களே, அது நடிப்பு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் ஒரு குழந்தை போய்விட்டது. தாய் என் தோளில் விழுந்தார். எனக்கும் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அடுத்த கட்டிலில் வலிப்பு வந்த குழந்தை இருந்தது. எங்களுக்கு மருந்தெல்லாம் எடைக் கணக்கு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால்கூடக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்கவேண்டும். வலிப்பு மருந்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தாயின் கையைப் பிடித்தபடியே, என் உள்ளே ஓர் இடத்தை நான் உடையவிடாமல் வைத்திருந்தேன். அந்த இடம்தான் பத்து நிமிடம் கழித்து ஊசியில் மருந்தை ஏற்றியது. கண்ணீரும் உண்மை, அந்த இடமும் உண்மை. எபிக்டெட்டஸ் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு படித்தபோது, இவருக்கு எங்கள் வார்டு தெரியும் என்று நினைத்தேன்.

வைகைக்கரை சகோதரரே, உங்களுக்கும் சொல்கிறேன். வெளியே போகும் தகப்பன்மாரை நாங்கள் வாரம் ஒருவராவது பார்க்கிறோம். நாங்கள் குறையாக நினைப்பதில்லை. உள்ளேயே நின்று “நரம்பு தெரியாதா உங்களுக்கு” என்று கத்துகிறவரைவிட வெளியே போகிறவர் எங்களுக்கு எளிது. ஆனால் குழந்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை ஊசி வரும்போது, நாங்கள் உள்ளே வரும் முன்பே அது அப்பாவைத் தேடுகிறது.

நிற்பதற்கு ஒரு முறை உண்டு. கட்டிலின் தலைமாட்டில் நில்லுங்கள், கையருகே வேண்டாம். ஊசியைப் பார்க்காதீர்கள், குழந்தையின் கண்ணைப் பாருங்கள். அவன் உங்கள் கண்ணைப் பார்க்கட்டும். இருவரும் சேர்ந்து சத்தமாக எண்ணுங்கள். ‘வலிக்காது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், வலிக்கும். வலித்த பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்பமாட்டான். என் முதல் ஆண்டில் நானே இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கிறேன். நடுக்கம் போய்விடாது. நடுங்கிக்கொண்டே நிற்கக் கை பழகிவிடும்.

கொண்டல்காற்று எழுதியது:

சகோதரி கடைசியில் சொன்ன நடுக்கம் ஸ்டோயிக்குகளிடமே இருக்கிறது, அதுவும் ஒரு கதையோடு.

ஔலஸ் கெல்லியஸ் என்ற ரோமானியர், இரண்டாம் நூற்றாண்டுக்காரர். கிரேக்கக் கரையிலுள்ள காசியோப்பாவிலிருந்து இத்தாலியின் புருண்டிசியத்துக்குக் கப்பலில் போகிறார். இரவு முழுதும் புயல். கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. அதே கப்பலில் ஏதென்ஸில் பேர்பெற்ற ஒரு ஸ்டோயிக் ஆசிரியரும் இருக்கிறார். இவர் எப்படி இருக்கிறார் பார்ப்போம் என்று கெல்லியஸ் திரும்பிப் பார்க்கிறார். ஆசிரியர் முகம் வெளுத்திருக்கிறது. மற்றவர்களைப்போல் அலறவில்லை, ஆனால் நிறம் மாறியிருக்கிறது. புயல் ஓய்ந்ததும் செல்வந்தர் ஒருவர் வந்து குத்திக் காட்டுகிறார்: நான் பயப்படவில்லை, தத்துவம் பேசும் நீங்கள் வெளுத்துப்போனீர்களே!

கெல்லியஸ் பிறகு மரியாதையோடு காரணம் கேட்கிறார். ஆசிரியர் தம் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து நீட்டுகிறார். எபிக்டெட்டஸின் உரையாடல்கள், ஐந்தாம் நூல். பழுப்புத்தாள் ஐயா சொன்ன, நமக்குக் கிடைக்காத நான்கில் ஒன்று! கெல்லியஸ் எடுத்தெழுதியதால் இந்தப் பகுதியாவது பிழைத்தது. வானம் இடிக்கும்போது, திடீரென்று ஆபத்து வரும்போது, ஞானியின் முகமும் ஒரு கணம் வெளுக்கும், உள்ளமும் சுருங்கும் என்கிறது அது. அது அவர் கையில் இல்லை, அறிவை முந்திக்கொண்டு உடல் செய்வது. வேறுபாடு அடுத்த கணத்தில். மற்றவன் ‘ஆமாம், இது பயங்கரம்தான்’ என்று அந்த நடுக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறான். ஞானி போடுவதில்லை.

வைகைக்கரை, உங்கள் முகம் வெளுத்தது அந்த மாலையின் முதல் கணம். படியிறங்கியது இரண்டாம் கணம். முதலாவதற்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாலைநடை எழுதியது:

இடுக்கண் வருங்கால் நகுக என்று வள்ளுவரும், தீதும் நன்றும் பிறர்தர வாரா என்று பூங்குன்றனாரும் நமக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். இதற்குக் கிரேக்கம்வரை போகவேண்டுமா?

பழுப்புத்தாள் எழுதியது:

மாலைநடை நண்பரே, அந்தப் புறப்பாட்டை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான், அதன்மேல் எனக்கு உள்ள பற்று சிறிதல்ல. ஆனால் யார் முந்தி என்று பார்க்கத் தொடங்கினால் இரண்டையும் இழப்போம். பூங்குன்றனார் பாட்டில் உயிர் ஆற்று வெள்ளத்தின் வழியே போகும் தெப்பம். எபிக்டெட்டஸின் கவலை முழுதும் தெப்பத்தில் இருப்பவன் அந்த நேரத்தில் என்ன முடிவெடுக்கிறான் என்பதில். இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கட்டும். இந்த இழையில் மருத்துவமனைப் படுக்கையை விட்டு நகராமல் இருப்போம்.

எதிர்க்கேள்வி அவர்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

எபிக்டெட்டஸ் பிறந்தது இன்றைய துருக்கியில் பாமுக்கலே என்று அழைக்கப்படும் இடத்திலிருந்த ஹியராபோலிஸில். அடிமையாக ரோமில் வளர்ந்தார். எஜமானர் எபாஃப்ரோடிட்டஸ், நீரோவின் செயலாளர், அவரே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். எபிக்டெட்டஸுக்குக் கால் ஊனம். விடுதலை பெற்று ரோமில் கற்பித்தவரை, பேரரசர் டொமீஷியன் தத்துவவாதிகள் அனைவரையும் விரட்டியபோது நாடு கடத்தினார்கள். கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிகோபோலிஸில் பள்ளி வைத்தார். அங்கேதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த அதிகாரி வந்தார். மனைவி மக்கள் இல்லை, உண்மை. ஆனால் முதுமையில், வறுமையால் வெளியே விட்டுவிடப்பட இருந்த ஒரு நண்பரின் குழந்தையை எடுத்து வளர்த்தார் என்றும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வீட்டில் சேர்த்துக்கொண்டார் என்றும் கையேட்டுக்கு உரை எழுதிய சிம்ப்ளீசியஸ் சொல்கிறார். குழந்தைகளைத் தெருவில் விடுவது வழக்கமாக இருந்த காலம் அது. மூன்றாம் பகுதியை அந்தக் கிழவர் கையில் அந்தக் குழந்தையோடு படித்துப் பாருங்கள். ‘இது என்னுடன் என்றும் இருக்கும் பொருள்’ என்ற நினைப்பில் அசட்டையாக முத்தமிடுவதற்கும், ‘இது சாகக்கூடிய உயிர்’ என்று தெரிந்து முத்தமிடுவதற்கும் எதில் பரிவு கூடுதல்? என் மனைவி இறப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் நான் அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்ததுபோல் அதற்கு முன் முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாளும் கொடுத்ததில்லை. நாள் எண்ணப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது, அதனால்தான். அது முன்பே தெரிந்திருக்கக்கூடாதா என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செனெக்காவின் பணத்துக்கு நான் வாதாட வரவில்லை. குற்றச்சாட்டு நிற்கிறது. ஆனால் அவர் லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களில் அறுபத்து மூன்றாவதைப் பாருங்கள். நண்பனை இழந்தவனுக்குத் துக்கத்தின் அளவைச் சொல்லிக்கொண்டே வருகிறவர், நடுவில் நிறுத்தி, இதைச் சொல்லும் நானே என் நண்பன் செரீனஸுக்காக அளவில்லாமல் அழுதேன் என்று ஒப்புக்கொள்கிறார். அவன் என்னைவிட இளையவன், எனக்கு முன்னால் போவான் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, அதனால் அப்படி ஆயிற்று என்கிறார். அதே கடிதத்தில், கண் வறண்டிருக்கவும் வேண்டாம், வெள்ளமாகவும் வேண்டாம் என்கிறார். கண்ணீரே கூடாது என்று சொல்பவர் இப்படியா எழுதுவார்?

மணல்மேடு எழுதியது:

இத்தனை நல்ல பேச்சுக்கு நடுவே ஒரு கசப்பைச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஆட்குறைப்புக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். திரையில் இரண்டு வட்டங்கள். உள்வட்டம் உங்கள் கையில் உள்ளவை, வெளிவட்டம் உங்கள் கையில் இல்லாதவை. சம்பள வெட்டு, நள்ளிரவு அழைப்பு, ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லாம் வெளிவட்டத்தில். உங்கள் மனநிலை மட்டும் உள்வட்டத்தில். கீழே எபிக்டெட்டஸ் பெயர். பயிற்சி முடிந்த மூன்றாம் வாரம் எங்கள் பிரிவில் பாதிப்பேரை அனுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்ட ஒருவரிடம் “உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதை மட்டும் பாருங்கள்” என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அடக்கி ஆள்கிறவனுக்கு இதைவிட வசதியான தத்துவம் உண்டா?

எதிர்க்கேள்வி எழுதியது:

மணல்மேடு, உங்கள் எரிச்சல் நியாயமானது. நான் ஸ்டோயிக்குகளின் ஆதரவாளன் இல்லை என்பது மேலே தெரியும். ஆனால் எபிக்டெட்டஸ் பெயரில் உங்களுக்குக் காட்டியது எபிக்டெட்டஸ் இல்லை என்பதை நானே சொல்லவேண்டியிருக்கிறது.

உரையாடல்களின் முதல் நூலில், இரண்டாவதில், ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் வருகிறார். ரோமின் செனட் உறுப்பினர், ஸ்டோயிக். பேரரசர் வெஸ்பேசியன் அவரைச் செனட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார். என்னை உறுப்பினராக விடாமலிருப்பது உம் கையில், உறுப்பினராக இருக்கும்வரை வருவது என் கடமை என்கிறார் ஹெல்விடியஸ். சரி வா, ஆனால் வாயைத் திறக்காதே. என் கருத்தைக் கேட்காதீர், திறக்கமாட்டேன். கேட்காமல் இருக்கமுடியாதே. அப்படியானால் எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லாமல் இருக்கமுடியாதே. சொன்னால் கொன்றுவிடுவேன். நான் சாகாதவன் என்று எப்போது உம்மிடம் சொன்னேன்? கொல்வது உம் வேலை, நடுங்காமல் சாவது என் வேலை. கொன்றும் விட்டார்கள்.

‘கையில் உள்ளது, கையில் இல்லாதது’ என்ற கோட்டை அவர் எங்கே போடுகிறார் பாருங்கள். பேரரசரின் வாள் வெளியே, தன் வாய் உள்ளே. உங்கள் பயிற்சியில் வாயையும் வெளிவட்டத்தில் வைத்துவிட்டார்கள். அது திருட்டு.

என் மனக்குறை ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. அடிமையாக இருந்தவரே அடிமைமுறை ஒழியவேண்டும் என்று சொல்லவில்லை. செனெக்கா நாற்பத்தேழாம் கடிதத்தில் அடிமைகளும் மனிதர்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்கிறார், விடுதலை செய் என்று ஊருக்குச் சொல்லவில்லை. உள்ளத்தின் விடுதலையைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள் கைவிலங்கைப் பற்றி ஏன் நிறுத்திக்கொண்டார்கள்? இதை நான் விடப்போவதில்லை.

இரவுப்பணி சகோதரிக்கு: நடிப்பு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மணல்மேடு எழுதியது:

வாயையும் வெளிவட்டத்தில் வைத்துவிட்டார்கள். ஆமாம். இதைத்தான் அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழுப்புத்தாள் எழுதியது:

எதிர்க்கேள்வி அவர்களின் கடைசிக் குறையை நானும் ஏற்கிறேன். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வைகைக்கரைக்கு இன்னொன்று மட்டும். மார்க்கஸ் ஔரேலியஸைப் பேரரசராகவும் தத்துவவாதியாகவும் பார்க்கிறோம், அவர் நோயாளிக் குழந்தைகளின் தகப்பன். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்து, பெரும்பாலோர் அவர் கண்முன்னே இறந்தார்கள். தம் ஆசிரியர் ஃபிராண்டோவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது, மெலிந்திருக்கிறாள், இருமல் கொஞ்சம் இருக்கிறது என்று வரிசையாக எழுதுகிறார். ரோமப் பேரரசையே ஆளப்போகிறவர் மகளின் இருமலைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் இளைஞராக இருந்தபோது வளர்த்தவர் ஒருவர் இறந்துபோக, மார்க்கஸ் அழுதார். அரண்மனைப் பணியாளர்கள் தடுக்கப் போனார்கள். அவரைத் தத்தெடுத்த பேரரசர் அந்தோனினஸ் பயஸ், அவன் மனிதனாக இருக்கட்டும் விடுங்கள், தத்துவமும் அரசும் இயல்பான அன்பை எடுத்துவிடுவதில்லை என்றாராம்.

பிற்காலத்தில் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகளில், எட்டாம் நூலில் ஓரிடம். முதலில் கண்ணில் படுவது சொல்வதற்கு மேல் நீயாக எதையும் சேர்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் போர் இல்லை, அரியணை இல்லை. ‘என் குழந்தை நோயுற்றிருப்பதைக் காண்கிறேன். அதைக் காண்கிறேன். ஆபத்தில் இருப்பதை நான் காணவில்லை.’ எத்தனை கட்டில்களின் அருகே நின்ற பிறகு இப்படி எழுத முடியும் என்று யோசித்துப் பாருங்கள், தம்பி.

இரவுப்பணி எழுதியது:

ஐயா, நாங்கள் வார்டில் ஒருவர் மாற்றி ஒருவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது இப்படித்தான் சொல்லவேண்டும் என்று பழக்குவார்கள். ‘குழந்தை மோசமாக இருக்கிறது’ என்று சொல்லக்கூடாது. வெப்பம் இவ்வளவு, நாடித்துடிப்பு இவ்வளவு, ஆறு மணியிலிருந்து சிறுநீர் இவ்வளவு. பயத்தை ஒப்படைக்காதீர்கள், பார்த்ததை ஒப்படையுங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த செவிலியர் சொல்வார்.

வைகைக்கரை எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பையனுக்கு மறுபரிசோதனை இன்று காலை இருந்தது. இரத்தம் எடுக்கவேண்டும் என்று நேற்றே தெரியும். இரவு தூக்கமில்லை. அந்த எட்டாம் நூல் வரியை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் அது பையில் இருப்பதே மறந்துவிட்டது.

சகோதரி சொன்னபடி தலைமாட்டில் நின்றேன். ரப்பர் பட்டையைக் கையில் கட்டியதும் அவன் கண் என்னைத் தேடவில்லை, கதவைத்தான் பார்த்தது. நான் போவேனா என்று பார்க்கிறான். அது எனக்கு ஊசியைவிட வலித்தது. “அப்பா இங்கேதான் இருக்கிறேன், வலிக்கும், இருவரும் எண்ணுவோம்” என்றேன். குரல் சரியாக வரவில்லை. தலையில் வைத்திருந்த என் கையை அவன் தொட்டுப் பார்த்து, “உன் கை சில்லென்று இருக்கிறது அப்பா” என்றான். பயமாக இருக்கிறது, அதனால்தான் என்றேன். அவன் அதை யோசித்தான். பிறகு அவனே ஒன்று என்று தொடங்கினான்.

பதினொன்றில் ஊசியை எடுத்துவிட்டார்கள். பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார்கள், நான் அழுத்தினேன். மறு கையால் அவன் என் சட்டையின் இரண்டாம் பித்தானைப் பிடித்திருந்தான். லிஃப்டில் இறங்கி, வெளியே வந்து, அந்த டீக்கடையைத் தாண்டும்வரை விடவில்லை.